சங்கும் கண்ணாடியும்: போர் தனித்துவிட்ட சிறுவர்

வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்’ (1954) புதினத்தை மனிதனுள் உறையும் விலங்கின் கதையென்றே வகுப்பறைகளில் விளக்கிவருகிறோம். அவ்விளக்கம் பாதியே. போர்க்காலத்தில் விமானம் வீழ்ந்ததால் தீவில் தனித்துவிடப்பட்ட சிறுவர் அவர்கள். சங்கை ஏந்தியவனே அவையில் பேசலாம் என்பது ரால்ஃப் வகுத்த விதி. பிக்கியின் மூக்குக்கண்ணாடியால் தீ மூட்டினர். ஜாக்கின் கூட்டம் அதனைக் களவாடியது. ரோஜர் உருட்டிய பாறையால் பிக்கி மாள, சங்கும் நொறுங்கியது. சட்டமும் அறிவும் ஒருங்கே வீழ்ந்தன என்பர். ஆயினும், இறுதியில் மீட்க வருபவரும் போர்க்கப்பல் அதிகாரியே! புதினத்தின் கூர்மை அங்குதான் உள்ளதென்பது என் துணிபு.

கிள்ளான் பள்ளத்தாக்கு மாணவருக்கு இஃது அயல்நாட்டுச் செய்தியன்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா இரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர், மிகப்பலர் மீளவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ அக்கொடுமையைப் புதினமாக்கியது. தந்தையரை இழந்து லயங்களில் எஞ்சிய பிள்ளைகளோ சங்கு ஊதி அவை கூட்டவில்லை, பசியோடு காத்திருந்தனர். சுவாமி சத்தியானந்தா 1949இல் கோலாலம்பூரில் நிறுவிய சுத்த சமாஜம், போரால் ஆதரவிழந்த சிறாருக்கு இல்லமாயிற்று.