அழித்துப் பதிந்த கசெற்

இங்கே ரொறன்ரோவில் காலை. எனது தேநீர் இன்னும் ஆறவில்லை. லண்டனில் இருப்பவர்களுக்குப் பின்னேரம். சிட்னியில் நடுச்சாமத்தில் விழித்திருந்து கேட்பவர்களுக்கு எனது முதல் நன்றி.

ஈழத்துப் பொப் இசை பற்றிப் பேசும்படி கேட்டார்கள். நான் பாடகனும் அல்ல, சங்கீதம் படித்தவனும் அல்ல. வெறும் ரசிகன். இன்னும் சரியாகச் சொன்னால், 1973இல் யாழ்ப்பாணத்தில் நான்கு நண்பர்கள் தொடங்கிய ஒரு பொப் குழுவுக்கு வயர் சுருட்டியவன். அம்பிளிஃபயரைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனவன். வரலாற்றை மேடையில் நின்று பார்ப்பவர்கள் உண்டு. நான் மேடைக்குப் பின்னால், பிளக் கழன்றுவிடாமல் பிடித்தபடி பார்த்தவன்.

எங்கள் தலைமுறைக்குப் பாட்டு என்றால் வானொலி. 1949இல் 'ரேடியோ சிலோன்' என்ற பெயரைப் பெற்று, 1967இல் கூட்டுத்தாபனமாக மாறிய அந்த நிலையத்தைத் தமிழ்நாட்டிலும் ஆவலோடு கேட்டார்கள். மயில்வாகனத்தின் குரலுக்காகவே காத்திருந்த வீடுகள் இரண்டு கரையிலும் இருந்தன. அதே பெட்டியில் முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினால் ஆங்கில சேவையில் ஜிம் ரீவ்ஸ். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் சிங்கள பைலா. சௌந்தரராஜனையும் சுசீலாவையும் கேட்டு வளர்ந்த காதுக்குள் இவை எல்லாம் அனுமதி கேட்காமலே புகுந்துவிட்டன.

பைலாவின் வேர் போர்த்துக்கேயர் காலத்துக்குப் போகிறது. நடனமாடுதல் என்ற பொருளுள்ள போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு இங்கேயே தங்கிவிட்ட காப்பிரி மக்களும் மட்டக்களப்புப் பறங்கியரும் காப்பாற்றி வைத்திருந்த தாளம், 20ஆம் நூற்றாண்டில் போக்குவரத்துப் பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்தியன் போன்றவர்களால் சிங்களப் பொதுமேடைக்கு வந்தது. ஆறு-எட்டுத் தாளம். அதைக் கேட்டுக் கால் ஆடாமல் இருப்பது கஷ்டம்.

1960களின் இறுதியிலிருந்து இந்தத் தாளத்தில் தமிழும் ஏறியது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் தாண்டித் தமிழ்நாட்டிலும் ஒலித்தது. அவரை அங்கே 'சிலோன் மனோகர்' என்றே அழைத்தார்கள். இந்தப் பாட்டுகளில் எங்களைப் பிடித்தது தாளம் மட்டும் இல்லை. திரைப்பாடல் பேசிய தமிழ் அழகானது, ஆனால் எங்கள் குசினியில் யாரும் அப்படிக் கதைப்பதில்லை. கிற்றார் சத்தத்தோடு எங்கள் வீட்டுப் பேச்சு மேடையேறியதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பெரியவர்களுக்கு அது பிடிக்காமல் போனதற்கும் அதுவே காரணம். "இதென்ன சத்தம்?" என்று அப்பா கேட்டார். அந்தக் கேள்வியை ஞாபகம் வைத்திருங்கள்.

எங்கள் குழு அந்த அலையில் பிறந்தது. அப்போது நாட்டில் கடும் இறக்குமதிக் கட்டுப்பாடு. கிற்றார் கம்பி அறுந்தால் கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டும். பேஸ் கிற்றாரை எங்கள் ஊர்த் தச்சர் ஒருவர் பலா மரத்தில் செய்து தந்தார். ட்ரம்ஸ் அடித்தவன் ஆறு-எட்டுத் தாளத்தைப் படித்தது ஒரு பேக்கரியில். அங்கே வேலை செய்த சிங்கள இளைஞர் ஒருவர் பாண் தட்டில் தட்டித் தட்டிக் காட்டிக்கொடுத்தாராம். 1977 கலவரத்துக்குப் பிறகு அந்த இளைஞரை நாங்கள் காணவில்லை.

1976இல், லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் கொண்டுவந்த ரெக்கோடரில் எங்கள் குழுவின் பாட்டுகளைப் பதிந்தோம். ஒரே ஒரு கசெற். அதை என்னிடம் தந்தார்கள். "நீதான் ஒண்டும் வாசிக்கிறேல்லை. நீ பத்திரமாய் வைச்சிரு" என்றான் பேஸ் வாசித்தவன்.

இப்போது ரசனை மாறிய கதைக்கு வருகிறேன். ரசனை மனதுக்குள் தானாக மாறுவதாக நாம் நினைக்கிறோம். என் அனுபவத்தில் அதில் பாதி வேலையைச் செய்தது துறைமுகம். 1977இல் ஆட்சி மாறி, பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. ஜப்பானிய கசெற் ரெக்கோடர்கள் வந்து குவிந்தன. ரவுண் எங்கும் ரெக்கோடிங் பார்கள் முளைத்தன. பாட்டுப் பட்டியலை எழுதி, கசெற்றையும் கொடுத்தால் பதிந்து தருவார்கள். அதே நேரத்தில் தமிழ்நாட்டில் இளையராஜா வந்திருந்தார். 1976இல் 'அன்னக்கிளி', 1977இல் '16 வயதினிலே'. கிராமத்து மெட்டும் மேல்நாட்டு வாத்தியமும் அப்படிச் சேர முடியும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கல்யாண வீட்டுக்காரருக்கும் கணக்குச் சுலபமானது. நாலு பேருக்குச் சாப்பாடும் காசும் கொடுப்பதை விட ஒரு ரெக்கோடரை வாடகைக்கு எடுப்பது மலிவு. எங்கள் குழுவுக்கு அழைப்புகள் குறைந்தன.

நான் முழுக்க இளையராஜா பக்கம் சாய்ந்தேன். அதில் தவறு இல்லை. ஆனால் ஒருநாள் ட்ரம்ஸ்காரனிடம், "அதைக் கேட்ட காதாலை இனி உங்கட சத்தத்தைக் கேக்கேலாது" என்று சொன்னேன். அவன் சிரித்தான். அதன் பிறகு ஒத்திகைக்கு வரும்படி என்னை அழைக்கவில்லை.

1979இல் புதுக் கசெற் வாங்கக் கையில் காசு இருக்கவில்லை. எங்கள் குழுவின் கசெற்றை ரெக்கோடிங் பாரில் கொடுத்து, அதன் மேலேயே அந்த இரண்டு படங்களின் பாட்டுகளையும் பதிந்து எடுத்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த வரலாறு. 1983 ஜூலையில் ட்ரம்ஸ்காரன் கொழும்பில் இருந்தான். ட்ரம்ஸ் செற் வீட்டோடு எரிந்தது. அவன் உயிர் தப்பிப் பாரிஸ் போனான். பாடகன் மெல்பேர்னுக்குப் போனான். கிற்றார்காரன் 1987இல் ஷெல் விழுந்து இறந்தான். நான் 1985இலேயே கனடாவுக்கு வந்துவிட்டேன். அந்தக் கசெற்றும் பெட்டிக்குள் வந்தது. இளையராஜாவுக்காகத்தான் வந்தது.

பேஸ்காரன் ஊரில் நின்றான். 1990இல் மீண்டும் போர் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றறியும் அடக்கம். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கும் ரெக்கோடருக்கும் மின்சாரம் எடுத்தார்கள். சுற்றுகிற கை களைத்தால் பாட்டு இழுபடும். அதனால் ஒருவர் மாறி ஒருவர் சுற்றுவார்கள் என்று எழுதியிருந்தான். கடிதம் வந்து சேர மாதக்கணக்கானது. கடைசியில் ஒரு வரி: "எங்கட கசெற்றை ஒரு கொப்பி அடிச்சு அனுப்பு. நாங்கள் அடிச்சதைக் கேட்டுக் கனகாலம்."

பதில் எழுதினேன். இங்கத்தைய குளிர், வேலை, பிள்ளைகள் எல்லாம் எழுதினேன். கசெற்றைப் பற்றி மட்டும் எழுதவில்லை. அவன் இன்னும் இரண்டு தடவை கேட்டான். 2004இல் சுகயீனத்தால் காலமானான். கடைசிவரை நான் சொல்லவில்லை.

2005இல் என் மகள் எம்.ஐ.ஏ.வின் 'அருளர்' இசைத்தட்டை வாங்கி வந்தாள். தகப்பனின் பெயரைத் தட்டுக்குச் சூட்டிய ஈழத்துப் பிள்ளை. இயந்திரத் தாளம் பேஸ்மென்ற் சுவரை அதிர வைத்தது. "இதென்ன சத்தம்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அப்பாவின் குரல் என் வாயிலிருந்து வந்தது விளங்கியது. அன்று அவளோடு இருந்து முழுத்தட்டையும் கேட்டேன். பாதி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவளிடம் அந்தப் பழைய வசனத்தைச் சொல்லவில்லை.

2020இல், ஊரடங்குக் காலத்தில், பேஸ்மென்றைத் துப்புரவாக்கும்போது அந்தக் கசெற் கையில் பட்டது. பழைய பிளேயரில் போட்டேன். வழக்கமாகக் கடைசிப் பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடுவேன். அன்று கை நிறையத் தூசி, நிறுத்த மறந்தேன். பாட்டு முடிந்தது. ஒரு 'டக்'. பிறகு ஆறு-எட்டுத் தாளம். பலா மரத்து பேஸ். யாரோ பின்னால் சிரிக்கிறார்கள். நாடா முடியும்வரை நாற்பது செக்கன்.

அதைப் பாரிசுக்கும் மெல்பேர்னுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ட்ரம்ஸ்காரன் உடனே கூப்பிட்டான்.

"நான் தாளம் முந்திப் போறன், கேட்டியே?" என்றான். பிறகு, "மிச்சம் எங்கை?"

நாற்பத்தொரு வருடங்களுக்குப் பிறகு சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் சத்தம் இல்லை.

"அழிச்சுப்போட்டு எந்தப் படத்தைப் பதிஞ்சனி?"

"16 வயதினிலே."

"அதெண்டால் பரவாயில்லை" என்றான். நாங்கள் இருவரும் சிரித்தோம். பிறகு அவன் பேஸ்காரனின் பெயரைச் சொன்னான். அதன் பிறகு எங்களால் அதிகம் கதைக்க முடியவில்லை.

எங்கள் பொப் இசையின் பதிவுகள் ஏன் இவ்வளவு குறைவாக மிஞ்சின என்று கேட்கும்போது, எரித்தவர்களையும் குண்டு போட்டவர்களையும் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். அந்தப் பட்டியலில் புதுப்பாட்டு வந்த மகிழ்ச்சியில் பழையதன் மேல் பதிந்த என்னைப் போன்ற ரசிகர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் பழைய கசெற்றுகள் இருந்தால், எறியமுதல் நாடா முடியும்வரை ஓடவிட்டுக் கேளுங்கள். இனி நீங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.