சுயேச்சை

பெயர்ச்சொல். கட்சிச் சார்பின்றித் தேர்தலில் நிற்பவர்; அவ்வாறு நிற்கும் நிலை.

வடமொழி வழிவந்த சொல். சுய (தன்) + இச்சை (விருப்பம்) = சுயேச்சை; அகரமும் இகரமும் புணர்ந்து ஏகாரமாயின. ‘சுயேட்சை’ என்பது பிழை. இதே பொருளில் பிறந்த ‘தன்னிச்சை’ இன்று யாரையும் கேளாமல் நடப்பதைக் குறிக்கிறது. சுயேச்சையோ தேர்தல் களத்தில் நிலைத்துவிட்டது. மலாய் மொழியில் சுயேச்சை வேட்பாளர் ‘சாலோன் பெபாஸ்’.

மலேசியாவில் கட்சித் தலைமையின் நியமனக் கடிதம் இல்லாதவர் கட்சிச் சின்னத்தில் நிற்க முடியாது. தேர்தல் ஆணையத்தின் சுயேச்சைச் சின்னங்களில் ஒன்றைப் பெறவேண்டும். எட்டில் ஒரு பங்கு வாக்கு கிடைக்காவிட்டால் வைப்புத்தொகையும் போகும்.

ஜொகூர் மாநிலத்தில் இச்சொல்லுக்கு உயிர் தந்தவர் ஷாரிர் அப்துல் சமாட். அப்போதைய ஆளுங்கட்சியான அம்னோவின் 1987 உட்கட்சித் தேர்தலில் அவரது அணி தோற்றது. அமைச்சர் பதவி பறிபோனது. 1988இல் ஜொகூர் பாரு நாடாளுமன்ற இடத்தைத் தாமே துறந்து, அதே ஆண்டு ஆகஸ்டு இடைத்தேர்தலில் சுயேச்சையாக நின்று, அம்னோ தலைமையிலான தேசிய முன்னணியை வென்றார். பின்னாளில் அம்னோவுக்கே திரும்பினார். ஆயினும், கட்சி கைவிட்டவரை மக்கள் கைதூக்கிவிட முடியும் என்பதற்கு அவ்வெற்றி நல்ல சான்று.