குரலுக்கு மறுமொழி: ராக் அண்ட் ரோல் கிதாரும் புளியந்தோப்புக் கானாவின் புல்புல்தாராவும்

ஒரு பாடகரின் இசைத்தட்டுகளில் எந்தக் கிதார் தனி வாசிப்பு சிறந்தது என்று கேட்டால், ரசிகர்கள் வேகத்தையும் விரல் நுட்பத்தையும் வைத்துத்தான் பெரும்பாலும் விடை சொல்கிறார்கள். இந்த அளவுகோல் தவறான இடத்தில் நிற்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஒலிக்கும் வாசிப்பு அந்தக் குரலுக்குச் சொல்லப்படும் மறுமொழி. குரல் செய்ய முடிந்ததையே கருவியும் திரும்பச் செய்தால் அது எதிரொலி மட்டுமே. குரலால் இயலாத ஒன்றைப் பாட்டின் நடையும் உணர்வும் குலையாமல் செய்யும்போதுதான் அது மறுமொழியாகிறது. அமெரிக்க ராக் அண்ட் ரோலின் தொடக்ககாலப் பதிவுகளை இந்தச் செவியோடு கேட்கலாம். வடசென்னையின் புளியந்தோப்பில் வளர்ந்த கானாப் பாட்டையும் இதே செவியோடு கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

பில் ஹேலியின் ‘ராக் அரவுண்ட் தி க்ளாக்’ பதிவிலிருந்து தொடங்குகிறேன். 1954 ஏப்ரல் 12 அன்று நியூயார்க்கில் பதிவான அந்தப் பாட்டில் ஹேலியின் குரல் அதிக வளைவு நெளிவு இல்லாமல், ஏறக்குறைய ஒரே மட்டத்தில், எண்களை ஒப்பிப்பதுபோல் நடக்கிறது. அந்த நேர்நடைக்கு நடுவில் டேனி செட்ரோனின் கிதார் அரைச்சுர அரைச்சுரமாகச் சரிந்து இறங்கும்போது பாட்டின் அடித்தளமே ஒரு கணம் நழுவுகிறது. ஹேலியின் குரலில் இல்லாத ஆபத்து அந்தக் கம்பியில் இருக்கிறது. இத்தனைக்கும் அந்த வாசிப்பு அன்று புதிதாகப் பிறந்ததல்ல. 1952இல் ஹேலியுடன் ‘ராக் தி ஜாயிண்ட்’ என்ற பாட்டுக்கு வாசித்ததையே செட்ரோன் மீண்டும் எடுத்துப் போட்டார். ஆகவே தனி வாசிப்பு என்றால் அந்த நொடியில் ஊற்றெடுக்கும் கற்பனையாக இருக்க வேண்டும் என்ற நம்பிக்கையை முதலில் கைவிட வேண்டும். முன்கூட்டியே செய்துவைத்த வாசிப்பும் மறுமொழியாகலாம்.

செட்ரோன் அந்தக் குழுவின் நிரந்தர உறுப்பினர் அல்லர். அன்றைய பதிவுக்கு அவருக்குக் கிடைத்த கூலி 21 டாலர் என்பது பரவலாகப் பதிவாகியிருக்கிறது. 1954 ஜூன் 17 அன்று மாடிப்படியில் விழுந்து அவர் இறந்தார். பாட்டு 1955 கோடையில் அமெரிக்கப் பட்டியலின் உச்சிக்குப் போனபோது அதை மறக்க முடியாததாக்கியவர் உயிரோடு இல்லை.

எல்விஸ் பிரெஸ்லியின் பதிவுகளில் இந்த உறவு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1954 ஜூலை 5 இரவு மெம்பிஸ் நகரின் சன் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்தவர்கள் மூவர்: பாடியபடி தாளக் கிதார் வாசித்த எல்விஸ், கிதாரில் ஸ்காட்டி மூர், பாஸில் பில் பிளாக். டிரம்ஸ் கிடையாது. மூர் பகலில் அண்ணனுடைய உலர்சலவைக் கடையில் வேலை பார்த்தவர். எல்விஸ் மின்பொருள் கம்பெனி ஒன்றில் லாரி ஓட்டியவர். உழைத்துக் களைத்தவர்களின் இசை அது. எல்விஸின் குரல் வழுக்கும், விக்கும், சொல்லின் பாதியில் கீழே விழுந்து எழும். மூரோ கட்டைவிரலால் தாளத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற விரல்களால் சுருக்கமாக, தெறித்தாற்போல் வாசிக்கிறார். 1956இன் ‘ஹவுண்ட் டாக்’ பதிவில் அந்தத் தெறிப்பு கரடுமுரடாகிறது. குரலின் வழுக்கலுக்கு எதிரே ஒரு சொரசொரப்பு வந்து நிற்கிறது. எல்விஸ் பதிவுகளில் எனக்கு முதலிடம் 1955இன் ‘மிஸ்டரி டிரெய்ன்’. அடுத்தது ‘ஹவுண்ட் டாக்’. மூன்றாவதாக நான் வைப்பது ‘டூ மச்’. அதன் சுருதி கைக்குப் பழகாததாக இருந்ததால் வாசிப்பின் நடுவே தடம் தவறியதை மூரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தத் தடுமாற்றத்தோடுதான் பாட்டு வெளியானது. வேகத்தை அளவுகோலாக வைப்பவர்கள் இதைச் சேர்க்க மாட்டார்கள். குரல் உறுதியோடு நிற்க, கம்பி தவித்து வழி தேடி மீள்வதைக் கேட்பவர்களுக்கு இதை விட்டுவிட மனம் வராது.

மூரும் பிளாக்கும் 1957 செப்டம்பரில் ஊதியக் குறைவால் விலகினார்கள். பதிவுகளின் பெயரும் லாபமும் பாடகர் பக்கமே சேர்ந்தன.

இங்கே கர்நாடக இசை மரபிலிருந்து நியாயமான எதிர்வாதம் ஒன்று எழும். குரலைப்போல் வாசிப்பதே கருவிக்குப் பெருமை என்பது அம்மரபின் அடிப்படைக் கொள்கை. நிரவலில் வயலின் பாடகரின் நிழலாகத் தொடர்வதுதான் அழகு. அப்படியிருக்கக் குரலிலிருந்து விலகுவதை எப்படிச் சிறப்பாகக் கொள்வது? அந்தக் கொள்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே கச்சேரியில் தனி ஆவர்த்தனம் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே மிருதங்கமும் கடமும் குரலுக்குச் சற்றும் எட்டாத மொழியில் பேசுகின்றன. பாடகர் கையில் தாளம் போட்டபடி கேட்டிருக்கிறார். பாலக்காடு மணி ஐயரின் தனியைக் கேட்கவே சபாவுக்குப் போனவர்கள் உண்டு. மரபே இரண்டு வகை உறவுக்கும் இடம் வைத்திருக்கிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: சபாவின் அழைப்பிதழில் பாடகர் பெயருக்குக் கீழே வயலின், மிருதங்கம், கடம் என்று பக்கவாத்தியக்காரர்களின் பெயர்கள் வரிசையாக அச்சாகின்றன. இந்த மரியாதை மயிலாப்பூரில் வழக்கம். புளியந்தோப்பின் பக்கவாத்தியக்காரர்களுக்கு அது கிடைத்ததில்லை.

தமிழ்த் திரையிசையில் மறுமொழி சொன்ன கிதார் என்றால் பலர் நினைவுக்கும் முதலில் வருவது 1982இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’. வாசித்தவர் ஆர். சந்திரசேகர். எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரல் நீண்டு குழைந்து மிதக்க, கிதார் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகச் சிந்துகிறது. குரல் மேகம் என்றால் கம்பி தூறல். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யவில்லை. இளையராஜா தாமே கிதார் கலைஞராகப் பிற இசையமைப்பாளர்களிடம் வாசித்து வந்தவர் என்பதால், கம்பி எங்கே பேச வேண்டும், எங்கே வாய்மூட வேண்டும் என்பதை அவருடைய எழுத்து அறிந்திருந்தது. இது சுரக்குறிப்பாக எழுதித் தரப்பட்ட இசைதான். ஆயினும் செட்ரோனின் வாசிப்பைப் பற்றிச் சொன்னதே இதற்கும் பொருந்தும். எழுதியவர் ஒருவர், விரல் வைத்தவர் ஒருவர். கேட்பவருக்கு இருவருமே வேண்டும்.

இனிப் புளியந்தோப்பு. பேசின் பிரிட்ஜுக்கும் பட்டாளத்துக்கும் இடையே, ஓட்டேரி நல்லா கால்வாயை ஒட்டி, ஆடுதொட்டியும் குடிசை மாற்று வாரிய அடுக்குகளுமாக விரியும் இந்தப் பகுதி, பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையின் நிழலில் உருவானது. 1921இன் ஆலை வேலைநிறுத்தமும் அதையொட்டிய சாதிக் கலவரமும் இதன் பெயரைத் தொழிலாளர் வரலாற்றில் எழுதின. ஆலை 1996இல் மூடப்பட்டது. ஆலைச் சங்கும் ரயில் இரைச்சலும் கேட்டு வளர்ந்த தெருக்களில் சாவு வீட்டு இரவையும் காரியத்தின் இரவையும் விடியும் வரை கொண்டு செலுத்தியது கானா. இறந்தவரின் பெயரைப் பாட்டுக்குள் வைத்து, அவர் செய்த வேலையை, பட்ட கடனை, பெற்ற பிள்ளைகளைச் சொல்லிப் பாடுவார்கள். கதை சொல்லும் கடமை முழுவதும் குரலின் மேல் இருப்பதால் அந்தக் குரல் ஒப்பாரியைப்போல் இழுக்கும், வளையும், சொல்லின் கடைசியில் உடையும்.

அந்தக் குரலுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்ட கம்பிக் கருவி புல்புல்தாரா. பேஞ்சோ என்றும் சொல்வார்கள். 1912இல் ஜப்பானின் நகோயாவில் கோரோ மோரிட்டா உருவாக்கிய தாய்ஷோகோட்டோ என்னும் கருவியின் வழிவந்தது இது. மரப்பெட்டியின் மேல் கம்பிகள். அவற்றுக்கு மேல் தட்டச்சுப் பொறியில் உள்ளவை போன்ற விசைகள். இடக்கை விசையை அழுத்த, வலக்கை கம்பியை மீட்டும். விலை குறைவு, மடியிலோ தரையிலோ வைத்து வாசிக்கலாம், ஆசிரியர் இல்லாமலே கை பழகிவிடும். வசதியற்ற தெருக்களில் இது வேரூன்றியதற்கு இவையே போதுமான காரணங்கள்.

ஆனால் என் வாதத்துக்கு முக்கியமானது இக்கருவியின் போதாமை. சுரத்தின் இடத்தை விசை நிர்ணயித்துவிடுவதால் கிதாரைப்போலவோ வயலினைப்போலவோ கம்பியை நினைத்தபடி வளைத்து இழுக்க இதில் வழியில்லை. கமகம் அரிது. எனவே வாசிப்பவர் நீண்ட சுரத்தை நிற்க வைக்க, வலக்கையால் விடாமல் படபடவென மீட்டுகிறார். குரல் இழுத்து அழும் இடத்தில் கம்பி அழ முடியாமல் நடுங்குகிறது. மெட்டு அதே மெட்டுதான், சுரமும் அதே சுரம்தான். இருந்தும் இழுப்பு இருந்த இடத்தில் துடிப்பு வந்து உட்காருகிறது. மூரின் தெறிப்பு எல்விஸின் வழுக்கலுக்குச் செய்ததை, புல்புல்தாராவின் படபடப்பு மரண கானாவின் ஒப்பாரிக் குரலுக்குச் செய்கிறது. இது தற்செயலான ஒற்றுமை அல்ல என்றே கருதுகிறேன். மெம்பிஸிலும் புளியந்தோப்பிலும் கைக்குக் கிடைத்த கருவியின் எல்லைக்குள் நின்று குரலுக்கு எதிரே இன்னொரு குணத்தை உருவாக்கினார்கள். எல்லையே அவர்களுக்கு மொழியானது.

கானா திரைக்குள் போனபோது நடந்ததை இந்த வெளிச்சத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். 1996இன் ‘காதல் கோட்டை’யில் ‘கவலைப்படாதே சகோதரா’ என்று தேவா பாடியபோது கானாவின் நடையும் பேச்சும் தமிழ்நாடெங்கும் சென்றன. 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தின் ‘வாள மீனுக்கும்’ பாட்டோடு கானா உலகநாதன் திரையிலேயே தோன்றினார். 2012இன் ‘அட்டகத்தி’யில் ‘ஆடி போனா ஆவணி’, ‘நடுக்கடலுல கப்பல’ ஆகிய பாடல்களைப் பாடிய கானா பாலா, சந்தோஷ் நாராயணனின் இசையில் இந்தப் பகுதியின் குரலைப் புதிய தலைமுறைக்குக் கொண்டுசேர்த்தார். இவையெல்லாம் உண்மையான வெற்றிகள். 2014இன் ‘மெட்ராஸ்’ படத்தில் அவர் பாடிய ‘இறந்திடவா நீ பிறந்தாய்’ மரண கானாவின் கனத்தைத் திரையரங்கில் அமர்ந்திருந்தவர்கள்மேல் இறக்கி வைத்தது. ஆயினும் குரல் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தபோது, சாவு வீட்டுப் பந்தலில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பெரும்பாலும் வெளியே நின்றுவிட்டார். இடையிசையை இசையமைப்பாளரின் வாத்தியக் குழு எடுத்துக்கொண்டது. வாத்தியங்கள் கூடின, ஒலி செழித்தது, குரலுக்கு எதிரே நடுங்கிய அந்தக் கம்பி மறைந்தது. பாட்டில் பாதியை நாம் பெற்றுக்கொண்டு பாதியை இழந்தோம் என்பது என் மதிப்பீடு.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இக்குழு, அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. அதில் சாகிப் சிங்கின் மின்கிதார், சரத்தின் சட்டி, கௌதமின் கட்ட மோளம், நந்தனின் பறை ஆகியவற்றோடு கானா பாடகர்கள் ஒரே மேடையில் நின்றார்கள். மின்கிதார் புல்புல்தாராவைப் போன்றதல்ல. அது குரலைப்போல் வளையும், அழும். அதனாலேயே கானாவில் அதற்கு ஓர் ஆபத்து உண்டு: குரலை நகலெடுத்து எதிரொலியாகிவிடலாம். குழுவின் பாடகி இசைவாணியின் குரல் ஓங்கும் இடங்களில் எனக்கு மறுமொழியாகக் கேட்பது பெரும்பாலும் கிதார் அல்ல, சட்டிதான். மெல்லிய குச்சிகளில் பிறக்கும் அந்த வறண்ட, கூர்மையான ஒலிக்கு இழுப்பே கிடையாது. புல்புல்தாரா விட்டுப்போன இடத்தைத் தோல் கருவி நிரப்புகிறது. கிதார் அடித்தாளமாக இறங்கி நிற்கும் துணிவு கொள்ளும்போதெல்லாம் அந்த இசை உயர்கிறது. இதைவிட முக்கியமானது, வாசிப்பவர்கள் பெயரோடு மேடையில் நிற்பது.

ஸ்காட்டி மூரின் வாசிப்புகளைச் சுரம் சுரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். 2000இல் ராக் அண்ட் ரோல் புகழ் மாளிகை பக்கக் கலைஞர்களுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியபோது முதல் ஆண்டிலேயே அவரைச் சேர்த்துக்கொண்டது. நாற்பது ஆண்டுகளுக்குமேல் தாமதித்து வந்த நீதி அது, ஆனாலும் வந்தது. நம்முடைய கானா ஆய்வுகளோ இன்றும் சொல்லையும் பாடகரையும் சுற்றியே வருகின்றன. பாட்டு வரிகளைத் தொகுக்கிறோம், வட்டாரச் சொற்களுக்குப் பொருள் எழுதுகிறோம். பக்கத்தில் வாசித்தவர் என்ன செய்தார் என்பதை எழுதுவதில்லை. சென்னையின் இசைத் துறைகளிலும் நாட்டார் வழக்காற்றியல் துறைகளிலும் இருப்போரிடம் என் வேண்டுகோள் இது: புளியந்தோப்பு, வியாசர்பாடி, ராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளில் சாவு வீட்டுக் கச்சேரிகளில் புல்புல்தாராவும் சட்டியும் வாசித்த மூத்த கலைஞர்களைத் தேடிச் செல்லுங்கள். அவர்கள் வாசிப்பை ஒலியாகவும் காட்சியாகவும் பதிவு செய்யுங்கள். கருவியை எப்படிச் சுருதி சேர்த்தார்கள், யாரிடம் கை பழகினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அதற்குரிய ஊதியத்தைக் கொடுங்கள். இனி வெளியிடும் ஒவ்வொரு கானாத் தொகுப்பிலும் பாடகர் பெயருக்குக் கீழே, அவர்கள் ஒப்புதலோடு, அவர்கள் பெயரையும் அச்சிடுங்கள்.