கைத்துப்பாக்கி: மறைத்து ஏந்தலும் தெரிய ஏந்தலும்

கைத்துப்பாக்கியைப் பிறர் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ள ஓர் உரிமம், சட்டைக்குள் மறைத்துக்கொள்ள வேறோர் உரிமம் என்ற பிரிவினை இந்தியச் சட்டத்தில் இல்லை. ஆனாலும் மறைத்தல் இங்கே சட்டத்துக்குப் பொருட்டில்லாத விஷயமல்ல. ஆயுதம் யாருடைய பார்வையிலிருந்து மறைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து அது குற்றமாகவும் இருக்கலாம், கடமையாகவும் இருக்கலாம். சென்னையில் துப்பாக்கி லைசென்ஸ் தருபவர் மாநகரக் காவல் ஆணையர். பிற மாவட்டங்களில் பொதுவாக ஆட்சியர்.

வைஸ்ராய் லிட்டன் காலத்து 1878 ஆயுதச் சட்டம் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதற்கு 3 ஆண்டு வரை சிறை விதித்தது. அரசு ஊழியருக்கோ ரயில்வே பணியாளருக்கோ தெரியக் கூடாது என்ற எண்ணம் புலப்படும் வகையில் அதைச் செய்திருந்தால், 20ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை போகும். ஐரோப்பியருக்கு விதிவிலக்கு இருந்தது. 1887 டிசம்பரில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியின் மக்கீஸ் தோட்டத்தில் கூடிய காங்கிரஸின் மூன்றாவது மாநாடு, இந்தச் சட்டம் குடிமக்கள் மேல் சுமத்தும் அவப்பெயரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. ஆயுதத்தைவிட அவமானமே அங்கு பெரிதாகப் பட்டது எனலாம்.

விடுதலைக்குப் பின் வந்த 1959 சட்டம் (1962 அக்டோபர் 1 முதல் நடைமுறை) விதிவிலக்குகளை மாற்றியதே தவிர, மறைவுக்குக் கூடுதல் தண்டனை என்ற கருத்தை 26ஆம் பிரிவில் அப்படியே வைத்துக்கொண்டது. இதே சட்டத்தின் 20ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஆயுதம் கொண்டுபோகும் விதம் நியாயமான சந்தேகத்தைத் தந்தால், கையில் லைசென்ஸ் இருந்தாலும் போலீஸ் பிடிக்கலாம்.

சென்னை, மறைத்து ஏந்தல், தெரிய ஏந்தல் என்ற இரு முகங்களையும் நான்கே ஆண்டு இடைவெளியில் பார்த்தது. 1982 மே 19 அன்று தியாகராய நகர் பாண்டி பஜாரில், புடவைக் கடைக் கூட்டத்துக்கு நடுவே, விடுதலைப் புலிகளின் பிரபாகரனும் புளொட் தலைவர் உமா மகேஸ்வரனும் எதிரெதிரே வந்தபோது கைத்துப்பாக்கிகள் வெளியே வந்தன. உமா மகேஸ்வரன் தப்பினார், உடனிருந்தவர் காயமடைந்தார், பிரபாகரன் அங்கேயே பிடிபட்டார். சுடும் வரை அந்த ஆயுதங்கள் தெருவுக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு இலங்கையில் நடந்த ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்திய அரசே ஈழ இயக்கங்களுக்குப் பயிற்சி தர, அடையாறு இந்திரா நகர் போன்ற இடங்களில் இயக்க வீடுகளும் அலுவலகங்களும் முளைத்தன. துப்பாக்கி ஒளித்து வைக்க வேண்டிய பொருளாக இருக்கவில்லை. சட்டம் சிறிதும் தளராமலே இது நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. 1986 நவம்பர் 1, தீபாவளியன்று, சூளைமேட்டில் இயக்கத்தினர் சுட்டதில் உள்ளூர்க்காரர் ஒருவர் இறந்தார். அதே மாதம், பெங்களூரு சார்க் மாநாட்டுக்கு முன், தமிழகம் முழுவதும் போலீஸ் சோதனையிட்டு ஆயுதங்களைப் பறிமுதல் செய்தது.

கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் எப்படிக் கொண்டுபோவது என்பதை விளக்கமாகச் சொன்னது 2016 ஆயுத விதிகளின் 32ஆம் விதி. உடலோடு பிணைத்த உறையிலோ தோள்பை போன்ற ஒன்றிலோ இருக்க வேண்டும். முழுவதும் மூடியிருக்க வேண்டும். ஏந்துபவரின் கட்டுப்பாட்டை விட்டுப் போகக் கூடாது. எடுத்துக் காட்டி மிரட்டினால் லைசென்ஸ் பறிபோகும். தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் 84ஆம் பிரிவும் ஏறக்குறைய இதே வாசகங்களில் அமைந்தது. அமெரிக்காவின் கென்டக்கியும் லூயிசியானாவும் 1813இல் எதிர்த் திசையில் போயின: இடுப்பில் தெரிந்தால் சரி, உடைக்குள் ஒளித்தால் குற்றம். ஒளிப்பவன் கோழை என்பது அக்கால நியாயம். தெரியும் துப்பாக்கியே அச்சமூட்டுகிறது என்பது 32ஆம் விதியின் நியாயம். தி.நகரின் நெரிசலான ரங்கநாதன் தெருவை நினைத்தால் இதுவே பொருத்தம்.

ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கொண்டாட்டத்தில் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ்தாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். வங்கிக் காவலாளிகள் போன்றோருக்கு மட்டும் விலக்கு கிடைப்பதுண்டு. தி.நகரில் வெளிப்படையாகத் தென்படுவதும் பெரும்பாலும் அவர்கள் தோளில் தொங்கும் நீளத் துப்பாக்கிதான்.