நேப்பிள்ஸுக்கு பட்ஜெட் ட்ரிப்பா? கெஸ்ட் ஹவுஸ் புக் பண்ணும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

இத்தாலி போகணும், ஆனா ரோம், வெனிஸ் ஹோட்டல் ரேட்டைப் பார்த்தாலே தலை சுத்துது என்று சொல்பவர்களுக்கு அடிக்கடி கிடைக்கும் பதில், 'அப்போ நேப்பிள்ஸ்ல தங்குங்க' என்பதுதான். தெற்கு இத்தாலியின் பெரிய துறைமுக நகரம். பக்கத்திலேயே வெசூவியஸ் எரிமலை, பாம்பேய் இடிபாடுகள், காப்ரி தீவு. ரோமில் இருந்து அதிவேக ரயிலில் சுமார் 1 மணி 10 நிமிடத்தில் வந்துவிடலாம்.

இங்கே பட்ஜெட் பயணிகளுக்குக் கைகொடுப்பவை சின்னச் சின்ன கெஸ்ட் ஹவுஸ்கள்தான். ஆனால், புக்கிங் தளத்தில் பெரிய எழுத்தில் தெரியும் வாடகை ஒன்று, ஊரை விட்டுக் கிளம்பும்போது உங்கள் கையை விட்டுப் போயிருக்கும் தொகை வேறொன்று. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பணத்தைக் கட்டும் முன் எதையெல்லாம் கேட்க வேண்டும்? பார்க்கலாம்.

இத்தாலியர்கள் இந்த ஊரை 'நாப்போலி' என்பார்கள். ரயில் டிக்கெட்டிலும் அப்படித்தான் இருக்கும். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்திலும் ஒரு நேப்பிள்ஸ் இருக்கிறது. தேடும்போது நாட்டின் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விசா முதலில், ரூம் பிறகா?

இங்கேதான் பலருக்கும் பணம் போகிறது. இத்தாலிக்கான ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அதாவது, விசா கையில் வரும் முன்பே ரூம் புக்கிங் இருக்க வேண்டும். 'கேன்சல் செய்தால் பணம் திரும்பாது' என்ற ரேட் எப்போதும் கொஞ்சம் குறைவாகத் தெரியும். அதை நம்பி புக் செய்து, விசா மறுக்கப்பட்டால் ரூம் பணம் அவ்வளவுதான்.

எனவே, கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய ரேட்டையே எடுங்கள். ரத்து செய்வதற்கான கடைசித் தேதி, விசா முடிவு வரும் தேதிக்குப் பிறகு இருக்கிறதா என்று பாருங்கள். விசா முடிவுக்குப் பொதுவாக 15 நாட்கள் வரை ஆகும், சில நேரங்களில் இன்னும் அதிகமாகலாம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் கடைசி நேரம் வரை காத்திருக்கத் தேவையில்லை.

பெரியவர்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 45 யூரோ. இதுபோக, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா கிடைக்காவிட்டாலும் இந்தப் பணம் திரும்ப வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

செலவுக்குக் கையில் பணம் இருக்கிறதா என்பதையும் காட்ட வேண்டும். இதற்கு இத்தாலி உள்துறை அமைச்சகம் 2000-ம் ஆண்டில் வெளியிட்ட ஒரு பட்டியல் இருக்கிறது. அதன்படி, 6 முதல் 10 நாட்கள் தனியாகப் பயணிப்பவர் நாளொன்றுக்கு 44.93 யூரோ காட்ட வேண்டும். இது விசாவுக்கான குறைந்தபட்சம்தான். உங்கள் நிஜச் செலவுக்கான பட்ஜெட்டாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கெஸ்ட் ஹவுஸ்னு இங்கே எதைச் சொல்றாங்க?

நேப்பிள்ஸில் கெஸ்ட் ஹவுஸ் என்றால் தனிக் கட்டடம், வாசலில் ரிசப்ஷன், வாட்ச்மேன் என்று கற்பனை செய்துகொள்ளக் கூடாது. பெரும்பாலும் பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில், ஏதோ ஒரு மாடியில் இருக்கும் ஒரு வீடு. அதை நாலைந்து ரூம்களாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருப்பார்கள். இதற்கு அங்கே 'அஃபித்தாகாமெரே' என்று பெயர். வீட்டு உரிமையாளரே காலை உணவோடு ரூம் கொடுத்தால் அது 'பி அண்ட் பி'.

காலை உணவு என்றதும் இட்லி, பூரி அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். கொர்னெத்தோ என்ற இனிப்பு ரொட்டியும் காபியும்தான் வழக்கம். சில இடங்களில் பக்கத்துக் காபிக் கடைக்கு ஒரு கூப்பன் கொடுத்துவிடுவார்கள்.

70 யூரோ ரூம் எப்படி 89 யூரோ ஆகுது?

ஒரு உதாரணக் கணக்கு. கணவன், மனைவி இருவர், 4 இரவுகள். தளத்தில் காட்டும் வாடகை இரவுக்கு 70 யூரோ என்று வைத்துக்கொள்வோம்.

- ரூம் வாடகை: 280 யூரோ
- நகர வரி, ஒருவருக்கு ஒரு இரவுக்கு 4 யூரோ என்றால்: 32 யூரோ
- சுத்தம் செய்யும் கட்டணம்: 25 யூரோ
- இரவு தாமதமாக வந்ததற்கு: 20 யூரோ
- மொத்தம்: 357 யூரோ

நாலால் வகுத்தால் இரவுக்கு 89 யூரோவைத் தாண்டுகிறது. ஒரு யூரோ சுமார் 100 ரூபாய் என்று வைத்தாலே, 28,000 ரூபாய் என்று நினைத்தது 35,700 ரூபாய் ஆகிவிடுகிறது. அதே நேரம், 80 யூரோ போட்டு, நகர வரியைத் தவிர வேறு எதுவும் வாங்காத இன்னொரு இடத்தில் மொத்தம் 352 யூரோதான். அதிக ரேட் போட்ட இடம்தான் கடைசியில் மலிவு!

இதில் நகர வரி யாரும் ஏமாற்றி வாங்குவது அல்ல. இத்தாலியின் பல நகரங்களில் வசூலிக்கப்படும் சட்டபூர்வமான வரி அது. ஒருவருக்கு, ஒரு இரவுக்கு என்று கணக்கு. தங்கும் இடத்தின் வகையைப் பொறுத்து தொகை மாறும். குழந்தைகளுக்கு வயதைப் பொறுத்து விலக்கு உண்டு. பல இடங்களில் நேரில், ரொக்கமாகக் கேட்பார்கள். அதற்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

எந்த ஏரியாவில் எடுக்கலாம்?

ரயில் நிலையத்தை ஒட்டிய பியாஸ்ஸா கரிபால்டி பகுதியில் ரூம்கள் மலிவு. விமான நிலைய பஸ், மெட்ரோ, பாம்பேய் ரயில் எல்லாம் இங்கேயே கிடைக்கும். ஆனால் இரைச்சல் அதிகம், இரவில் தெருக்கள் எல்லோருக்கும் சௌகரியமாக இருக்காது. பையையும் போனையும் கவனமாக வைத்திருக்க வேண்டும்.

பழைய நகர மையம் 1995-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தேவாலயங்கள், பீட்சா கடைகள் என்று எல்லாமே நடை தூரம். பஸ் செலவு மிச்சம் என்பதால், வாடகை கொஞ்சம் கூடினாலும் கணக்கு சரியாகிவிடும். அதை ஒட்டிய 'ஸ்பானிஷ் குவார்ட்டர்ஸ்' குறுகலான, செங்குத்தான சந்துகள் நிறைந்தது. இளைஞர்களுக்குப் பிடிக்கும், சீக்கிரம் தூங்குபவர்களுக்குக் கஷ்டம்.

வோமேரோ மலை மேல் இருக்கும் அமைதியான குடியிருப்புப் பகுதி. மலை ரயிலிலும் மெட்ரோவிலும் கீழே வரலாம். வயதானவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

கடலோர நகரம் என்பதால் மெரினா மாதிரி மணல் பரப்பு இருக்கும் என்று நினைத்து 'சீ வியூ' ரூமுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். நகரின் கடலோரம் பெரும்பாலும் பாறையும் நடைபாதையும்தான். காலாற நடக்க அருமையான இடம், அதற்குக் காசும் கிடையாது.

புக் பண்ணும் முன் கேட்க வேண்டியவை என்னென்ன?

லிஃப்ட் இருக்கா? பழைய கட்டடங்களில் நாலாவது மாடிக்கு 23 கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவது சாதாரண விஷயமில்லை. லிஃப்ட் இருந்தாலும், சில கட்டடங்களில் ஒவ்வொரு முறையும் சில்லறைக் காசு போட்டால்தான் ஓடும். நம்ப முடியாவிட்டாலும் இது நேப்பிள்ஸின் பழைய வழக்கம்.

தரைத்தளமா? நேப்பிள்ஸில் சந்தைப் பார்த்து நேராகக் கதவு திறக்கும் ஒற்றை அறை வீடுகளை 'பாஸ்ஸோ' என்பார்கள். காலங்காலமாக ஏழைக் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள். இப்போது இவற்றில் பலவும் சுற்றுலாப் பயணிகளுக்கான ரூம்களாக மாறியிருக்கின்றன. வெளிச்சம், காற்று குறைவாக இருக்கலாம், ஈரம் இருக்கலாம், பைக் சத்தம் தலைமாட்டிலேயே கேட்கும். ஜன்னல் தெரியும் போட்டோ இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

குளிருக்கு ஹீட்டர் எப்படி? இத்தாலியில் கட்டடங்களின் வெப்பமூட்டும் கருவிகளை இயக்க ஊருக்கு ஊர் கால வரம்பு உண்டு. நேப்பிள்ஸ் வரும் மண்டலத்துக்கு நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை, நாளுக்கு 10 மணி நேரம். சென்னை வெயிலில் இருந்து போகிறவர்கள் ரூமுக்குள் தனியாக ஏசி-ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சாவி யார் தருவாங்க, எத்தனை மணி வரை? சென்னையில் இருந்து நேப்பிள்ஸுக்கு நேரடி விமானம் இல்லை. எங்காவது மாறித்தான் போக வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் கைரேகை, முகப்படம் பதியும் புதிய முறையும் வந்திருப்பதால் வரிசையில் நேரம் பிடிக்கலாம். இரவு 10 மணிக்கு மேல் ரூமுக்குப் போய்ச் சேர்வீர்கள் என்றால், அதற்கு எவ்வளவு கட்டணம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

போலி விளம்பரம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

2025 ஜனவரி 1 முதல் இத்தாலியில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் எல்லா இடங்களுக்கும் 'சிஐஎன்' என்ற தேசிய அடையாள எண் கட்டாயம். 'ஐடி' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் இந்த எண் இணைய விளம்பரத்திலும், கட்டடத்தின் வெளியேயும் இருக்க வேண்டும். எண் பெறாதவர்களுக்கு 800 முதல் 8,000 யூரோ வரை அபராதம். விளம்பரத்தில் இந்த எண்ணைக் காணோம் என்றால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.

இன்னொன்று, 'தளத்துக்கு வெளியே பேங்க்ல போட்டா டிஸ்கவுன்ட் தரேன்' என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். பணம் போனால் அந்தத் தளம் பொறுப்பேற்காது.

பாஸ்போர்ட் கேட்கிறாங்களே, கொடுக்கலாமா?

காட்டித்தான் ஆக வேண்டும். தங்க வருபவர்களின் விவரங்களை 24 மணி நேரத்துக்குள் போலீஸின் இணையதளத்தில் பதிவு செய்வது உரிமையாளரின் சட்டக் கடமை. விவரங்களைக் குறித்துக்கொண்டதும் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிவிடுங்கள். கிளம்பும் வரை அவர்களிடமே விட்டுவைக்கத் தேவையில்லை. ஸ்கேன் காப்பிகளைக் கண்ட எண்ணுக்கும் அனுப்பாதீர்கள். இத்தாலிய ஹோட்டல்களில் இருந்து திருடப்பட்ட அடையாள ஆவண ஸ்கேன்கள் இணையத்தில் விற்கப்படுவதாக 2025 ஆகஸ்டில் அந்நாட்டு அரசின் டிஜிட்டல் முகமை எச்சரித்திருந்தது.

இந்தப் பதிவால் உங்களுக்கும் ஒரு நன்மை இருக்கிறது. ஃப்ராங்க்ஃபர்ட், பாரிஸ் போன்ற வேறு ஷெங்கன் நாட்டு நகரம் வழியாக இத்தாலிக்குள் வருபவர்கள், 8 நாட்களுக்குள் தங்கள் வருகையை போலீஸிடம் தெரிவிக்க வேண்டும் என்று இத்தாலியில் சட்டம் உண்டு. கெஸ்ட் ஹவுஸில் செய்யும் பதிவே இதற்குப் போதும். அதன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் வீட்டில் தங்கினால் நீங்களே 'குவெஸ்தூரா' எனப்படும் போலீஸ் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

சாப்பாடு, பயணத்தில் எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

விமான நிலையத்தில் இருந்து ரயில் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் 'அலிபஸ்' ஓடுகிறது. டாக்ஸி என்றால், ஏறும் முன்பே நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்தில் வருமாறு கேளுங்கள். கேட்டால்தான் அந்தக் கட்டணம், இல்லாவிட்டால் மீட்டர்தான். பாம்பேய்க்கு 'சர்க்கம்வெசூவியானா' உள்ளூர் ரயில் போதும். காப்ரி தீவுக்கு மோலோ பெவெரெல்லோ படகுத்துறையில் வேகப் படகுகள் கிடைக்கும். நேரம் இருந்தால், கலாத்தா போர்தா தி மாஸ்ஸா துறையில் இருந்து கிளம்பும் மெதுவான பெரிய படகில் போகலாம், கட்டணம் குறைவு.

சைவம் சாப்பிடுபவர்களுக்குப் பட்டினி இருக்காது. 'மரினாரா' பீட்சா என்ற பெயரைப் பார்த்து மீன் என்று பயப்பட வேண்டாம். தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய் மட்டும்தான், சீஸ்கூட கிடையாது. விலையும் பட்டியலிலேயே குறைவாக இருக்கும். நாலாக மடித்துக் கையில் தரும் தெருவோரப் பீட்சா இன்னும் மலிவு. காபியை நின்றபடியே குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. பில்லில் 'கொபெர்தோ' என்று இருந்தால் அது மேசைக் கட்டணம்.

ரெண்டு நாளில் சோறு தேடும் ஆட்களுக்கும் வழி உண்டு. இலங்கையில் இருந்து போனவர்கள் பெரிய எண்ணிக்கையில் வாழும் இத்தாலிய நகரங்களில் நேப்பிள்ஸும் ஒன்று. பியாஸ்ஸா தாந்தே பக்கம் இலங்கைக் கடைகளைப் பார்க்கலாம்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அரசு அருங்காட்சியகங்களுக்கும் பாம்பேய்க்கும் நுழைவு இலவசம். கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். தொல்லியல் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

எப்போது போனால் ரேட் குறையும்?

ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பரும் ரேட் ஏறும் காலம். ஆகஸ்ட் 15 பண்டிகையை ஒட்டி உள்ளூர்க் கடைகள் பலவும் மூடியிருக்கும், வெயிலும் கடுமை. டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் விற்கும் தெருவைப் பார்க்கக் கூட்டம் வரும். ஜனவரி, பிப்ரவரியில் ரூம்கள் பொதுவாக மலிவாகக் கிடைக்கும். மழை, குளிர், குறைவான படகு சேவை ஆகியவற்றுக்குத் தயாராகப் போனால் போதும்.

கடைசியாக ஒரு செக் லிஸ்ட்

- ரத்து செய்யும் கடைசித் தேதி, விசா முடிவுக்குப் பிறகு இருக்கிறதா?
- சிஐஎன் எண் விளம்பரத்தில் இருக்கிறதா?
- நகர வரி, சுத்தம் செய்யும் கட்டணம், தாமதக் கட்டணம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?
- எந்த மாடி, லிஃப்ட் உண்டா, ஜன்னல் உண்டா?
- சாவி தருபவரின் பெயரும் போன் எண்ணும் கையில் இருக்கிறதா?

இந்த ஐந்துக்கும் பதிலை மெசேஜில் வாங்கிய பிறகு 'புக்' பட்டனை அழுத்துங்கள். இதற்குப் பதில் சொல்லத் தயங்கும் இடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும், அது உங்கள் பட்ஜெட்டுக்கான இடம் இல்லை.