இடக்கைத் தழும்பு சொன்ன பரம்பரைக் கதை

மலேசியாவின் மூவாரில் பிறந்து வளர்ந்தவர்களின் இடது மேற்கையில் பெரும்பாலும் ஒரு சிறு வட்டத் தழும்பு இருக்கும். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற வேற்றுமை அதற்குத் தெரியாது. தோட்டத்து லயத்தில் பிறந்த பாட்டிக்கு அது இல்லாமல் போயிருக்கலாம். மகளுக்கும் பேத்திக்கும் உண்டு. 1961இல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய பிறகு, பிறந்த குழந்தைக்குப் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போடுவது இந்த நாட்டில் பழக்கமாகிவிட்டது.

அந்த ஊசிக்குள் இருப்பது உயிருள்ள கிருமி. பிரான்சின் லீல் நகரில் ஆல்பர்ட் கால்மெட்டும் கமில் கெராங்கும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து வீரியத்தை இறக்கினார்கள். 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து கோடிக்கணக்கான குழந்தைகள் அதை வாங்கிக்கொண்டு, ஒரு புண், ஒரு தழும்பு என்பதோடு மறந்துவிட்டன. பல லட்சத்தில் ஒரு குழந்தைக்கு மட்டும் அந்தச் சாதுவான கிருமி நிணநீர்க் கட்டி, எலும்பு, ஈரல் என்று உடம்பெங்கும் பரவும். சில குழந்தைகள் இறந்தும் போயின. ஏன் அந்த ஒரு குழந்தைக்கு மட்டும்? இந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் பாரிஸில் 1963இல் பிறந்த குழந்தை மருத்துவர் ஜான்-லொரான் கசனோவா.

அவருக்கு முன்பே கேள்வி கண்ணெதிரில் கிடந்தது. 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் பிசிஜி மருந்தில் உண்மையான காசநோய்க் கிருமி கலந்துவிட்டது. 250க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் அதை வாய்வழியாக உட்கொண்டன. 70க்கும் மேற்பட்டவை இறந்தன. உலகம் அதைத் தடுப்பூசி விபத்தாகவும் நீதிமன்ற வழக்காகவுமே பார்த்தது. மீதிக் குழந்தைகள் எப்படிப் பிழைத்தன என்று கேட்டவர்கள் குறைவு.

தமிழகத்துக்கும் பிசிஜியோடு நீண்ட உறவு உண்டு. 1948இல் சென்னை கிண்டியில் தடுப்பூசி ஆய்வுக்கூடம் அமைந்தது. 1955இல் ராஜாஜி, தான் பிசிஜியை ஏன் எதிர்க்கிறேன் என்று தனி நூலே எழுதி வெளியிட்டார். பிறகு 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் உலகின் மிகப் பெரிய பிசிஜி பரிசோதனை தொடங்கியது. சுமார் 2,60,000 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள்: ஒரு பகுதிக்குத் தடுப்பூசி, இன்னொரு பகுதிக்கு வெறும் ஊசி. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பலன் இல்லை என்று 1979இல் வெளியான முடிவு மருத்துவ உலகை உலுக்கியது. பதினைந்து ஆண்டுத் தொடர் கண்காணிப்பும் அதையே உறுதி செய்தது.

செங்கல்பட்டு முடிவுக்குக் காரணம் மரபணு என்று சொல்லிவிட முடியாது. மண்ணிலும் நீரிலும் உள்ள வேறு மைக்கோபாக்டீரியாக்களின் பங்கைத்தான் ஆய்வாளர்கள் அதிகம் பேசினார்கள். ஆனால் முறையைக் கவனிக்க வேண்டும். இரண்டரை லட்சம் பேரை எண்ணிச் சராசரி எடுக்கிற முறை அது. தடுப்பூசி ஓர் ஊருக்கு உதவுமா என்று அது சொல்லும். ஒரு குறிப்பிட்ட பிள்ளை ஏன் விழுந்தது என்று சொல்லாது. கசனோவா எதிர்த்திசையில் நடந்தார்: சராசரியை ஒதுக்கிவிட்டு, விழுந்த பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அவர் அடியெடுத்து வைத்த துறைக்கு அப்போது நாற்பது வயது. 1952இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், நிமோகாக்கஸ் கிருமியால் திரும்பத் திரும்ப நோயுற்ற எட்டு வயதுச் சிறுவனின் இரத்தத்தில் காமா குளோபுலின் அறவே இல்லை என்று கண்டார். வெளியிலிருந்து அதை ஊசியாகக் கொடுத்ததும் சிறுவன் தேறினான். பரம்பரை நோயெதிர்ப்புக் குறைபாடு என்ற துறை அங்கிருந்து வளர்ந்தது. கூடவே ஒரு நம்பிக்கையும் வேரூன்றியது: இத்தகைய குறைபாடு உள்ளவருக்குப் பலவிதக் கிருமிகளும் மாறி மாறி வர வேண்டும், இரத்தப் பரிசோதனையில் குறை பளிச்சென்று தெரிய வேண்டும். ஒரே ஒரு கிருமியிடம் மட்டும் தோற்கும் பிள்ளைக்கு அந்த வரையறையில் இடமில்லை. அது விதி, அல்லது கிருமியின் கொடுமை என்று விட்டுவிட்டார்கள்.

பாரிஸின் நெக்கர் குழந்தைகள் மருத்துவமனை இத்துறையின் தலைவாசல்களில் ஒன்று. அங்கே பயிற்சி பெற்ற கசனோவா, பிசிஜி பரவி நோயுற்ற பிரெஞ்சுக் குழந்தைகளின் பழைய கோப்புகளைத் தேடித் திரட்டினார். பல குழந்தைகளுக்கு அறியப்பட்ட குறைபாடு எதுவும் இல்லை. பெற்றோர் சொந்தத்தில் மணம் செய்தவர்களாக இருந்த குடும்பங்கள் மட்டும் கண்ணில் பட்டன. அது ஒரு துப்பு. பெற்றோர் இருவருமே பழுதான ஒரே மரபணுவின் ஒற்றைப் பிரதியைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து.

1996இல் விடை வந்தது. பிசிஜியால் இறந்த ஒரு துனீசியக் குழந்தைக்கு இண்டர்ஃபெரான் காமாவின் ஏற்பியை உருவாக்கும் மரபணு பழுதாகியிருந்தது என்று கசனோவாவின் குழுவினர் வெளியிட்டார்கள். மால்டா தீவின் ஒரே கிராமத்துப் பிள்ளைகளிடம் அதே மரபணுவின் பழுதை லண்டனில் மைக்கேல் லெவினின் குழுவும் அதே ஆண்டு கண்டது. இரு கட்டுரைகளும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தன.

பழுது எங்கே என்று புரிய, உடம்புக்குள் நடக்கும் ஒரு உரையாடலைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெருவிழுங்கி என்ற வெள்ளணு மைக்கோபாக்டீரியாவை விழுங்கிவிடும்; ஆனால் தனியாக அதைக் கொல்ல முடியாது. இண்டர்லூக்கின்-12 என்ற பொருளைச் சுரந்து உதவிக்குக் கூப்பிடும். அந்தக் குரல் கேட்ட டி அணுக்களும் இயற்கைக் கொல்லி அணுக்களும் இண்டர்ஃபெரான் காமாவைப் பதிலாக அனுப்பும். அது கிடைத்த பின்தான் பெருவிழுங்கிக்குக் கொல்லும் வலு வரும். கூப்பிட வாய் இல்லாவிட்டாலும், கேட்கக் காது இல்லாவிட்டாலும் முடிவு ஒன்றே. 1998இல் இண்டர்லூக்கின்-12 ஏற்பியின் பழுது வெளிப்பட்டது. இன்று இந்தச் சங்கிலியில் சுமார் இருபது மரபணுக்கள் தெரியும்.

இதைக் கல்விச் சுவைக்காக மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. கூப்பிடும் பக்கம் பழுதென்றால் இண்டர்ஃபெரான் காமாவை ஊசியாகக் கொடுத்துப் பிள்ளையைக் காப்பாற்றலாம். கேட்கும் காதே முற்றிலும் இல்லையென்றால் அந்த ஊசி வீண். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைதான் வழி. மரபணுவின் பெயர் தெரியாமல் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

1999இல் கணிதமும் மருத்துவமும் அறிந்த லொரான் அபெலுடன் சேர்ந்து நெக்கரில் தனி ஆய்வுக்கூடம் தொடங்கினார் கசனோவா. 2008இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பாரிஸ் கூடமும் தொடர்ந்தது. அடுத்தடுத்த கண்டுபிடிப்புகளை ஓட்டமாகச் சொல்லலாம்: 2003இல் ஐராக்-4 மரபணுவின் பழுது, 2006, 2007இல் ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலுக்குக் காரணமான யுஎன்சி-93பி, டிஎல்ஆர்-3 பழுதுகள். ஐராக்-4 பழுதில் ஒரு விநோதம் உண்டு. சிறு வயதில் உயிரைப் பறிக்கும் சீழ்நோய்கள், பிள்ளை வளர வளரக் குறைந்துவிடுகின்றன. பதின்ம வயது வரை காப்பாற்றிவிட்டால் பிறகு ஓரளவு நிம்மதி.

கோவிட் வந்தபோது இந்தச் சிந்தனை உலகப் பேச்சானது. அமெரிக்காவின் ஹெலன் சூவுடன் சேர்ந்து அவர் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்றை நடத்தினார். 2020இல் வெளியான முடிவு இது: கடும் கோவிட் நிமோனியா கண்ட 987 பேரில் 101 பேரின் இரத்தத்தில், முதல் வகை இண்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். அறிகுறியின்றியோ லேசான நோயுடனோ தொற்றுக் கண்ட 663 பேரில் ஒருவருக்குக்கூட அது இல்லை. இந்த முடிவைப் பிற நாட்டுக் குழுக்களும் உறுதி செய்தன.

அதே கூட்டமைப்பு அதே நாளில் வெளியிட்ட இன்னொரு கட்டுரை அப்படி நிற்கவில்லை. கடும் நோயாளிகளில் சுமார் 3.5 விழுக்காட்டினருக்கு இண்டர்ஃபெரான் மரபணுக்களில் அரிய பழுதுகள் உண்டென்று அது சொன்னது. பின்வந்த பெரிய ஆய்வுகளில் அந்தக் கணக்கு தேறவில்லை. எக்ஸ் நிறப்புரியிலுள்ள டிஎல்ஆர்-7 பழுது மட்டும் இளம் ஆண்களிடம் நிலைத்தது. ஒரு நோய்க்கு ஒரு மரபணு என்று தேடுகிறவருக்கு எங்கும் மரபணுவே தெரியும் என்று எதிர்த்தரப்பு சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பிசிஜி விஷயத்தில் அவர் கண்டது அசையாத உண்மை.

மூவாருக்குத் திரும்புவோம். மலேசியாவில் லொக்மான் முகமட் நோ முதலிய குழந்தை நோயெதிர்ப்பு மருத்துவர்கள் 1987 முதல் 2006 வரை நான்கு மருத்துவமனைகளில் பதிவான பரம்பரை நோயெதிர்ப்புக் குறைபாடுகளைத் தொகுத்தார்கள். இருபது ஆண்டில் 52 நோயாளிகள். இந்த நாட்டு மக்கள்தொகைக்கு அது மிகக் குறைவு. நோய் குறைவு என்பதைவிட, தேடியது குறைவு என்பதே பொருத்தமான விளக்கம். உலகளவில் 2022 வகைப்பாட்டில் மட்டும் 485 பரம்பரை நோயெதிர்ப்புக் கோளாறுகள் இடம்பெற்றன.

அத்தை மகன், மாமன் மகள் முறை இன்றும் உயிருடன் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. சொந்தத்தில் மணப்பதைக் குற்றமாக்க வேண்டியதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனால் மூத்த பிள்ளை ஒன்று கைக்குழந்தையிலேயே காரணம் தெரியாமல் இறந்த வீட்டில், அடுத்த பிள்ளைக்குப் பிறந்த அன்றே உயிருள்ள கிருமியை ஊசியாகப் போடலாமா என்று யோசித்தே ஆக வேண்டும். தைவான் 2016இல் பிசிஜியை ஐந்து மாதத்துக்குத் தள்ளி வைத்தது. கடும் குறைபாடுள்ள குழந்தைகள் அதற்குள் அடையாளம் தெரிந்துவிடுவார்கள் என்பது கணக்கு. காசநோய் இன்னும் பரவியுள்ள மலேசியாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படித் தள்ளிப்போடுவது சரியல்ல. குடும்ப வரலாறு உள்ள வீட்டுக்கு மட்டும் தள்ளிப்போடுவதில் தடையில்லை.

ஆகவே கர்ப்பகாலப் பரிசோதனைக்கு அரசாங்க கிளினிக்குக்குப் போகும் தாய்மார்களே, வீட்டில் முன்பு இறந்த குழந்தைகளைப் பற்றியும், ஊசி போட்ட இடத்தில் ஆறாத புண்ணோ அக்குளில் பெரிய கட்டியோ வந்த பிள்ளைகளைப் பற்றியும் தாதி கேட்காமலே அவரிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளை பிறப்பதற்கு முன்பே சொல்லுங்கள்.