தலைக்காசு

எங்கள் பாட்டியின் அப்பா கங்காணி. சுங்கை பட்டாணிக்கும் பீடோங்குக்கும் இடையில் ஒரு ரப்பர் தோட்டம். "ஊர்லேருந்து நாப்பது பேரக் கூட்டியாந்தவரு எங்கப்பா" என்று பாட்டி சொல்லும்போது சின்ன வயதில் எனக்கு அவர் படை நடத்தி வந்த தளபதி போலத் தோன்றுவார். பெரட்டுக்கு வந்து நிற்கும் ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தினமும் காசு உண்டு என்பதைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பெயர் தலைக்காசு. ஆள் வரவில்லையென்றால் காசும் இல்லை. காய்ச்சலில் கிடப்பவனை லயத்திலிருந்து யார் எழுப்பிக் கொண்டுவருவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

லைபீரியாவைப் பற்றிப் படிக்கும்போது இந்தச் சொல் திரும்ப வந்தது. கெடாவுக்கும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? ரப்பர்தான். விலை சரிந்ததால் 1922இல் பிரிட்டன், ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரில் மலாயா, சிலோன் ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. லண்டன் பங்குதாரர்களைக் காப்பாற்றத்தான். விலை ஏறியதும் அமெரிக்க டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோன் சொந்தத் தோட்டம் தேடிப் புறப்பட்டார். 1926இல் லைபீரியாவில் 10 லட்சம் ஏக்கர் வரை 99 வருடக் குத்தகை. ஏக்கருக்கு வருடம் 6 சென்ட்.

அந்த நாட்டின் கதை விசித்திரமானது. அமெரிக்காவில் விடுதலை பெற்ற கறுப்பின அடிமைகளும் அவர்கள் வழிவந்தவர்களும் 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறி வந்து குடியேறி, 1847இல் அதைக் குடியரசாக அறிவித்தார்கள். தலைநகர் மன்ரோவியாவுக்குப் பெயர்கூட ஓர் அமெரிக்க ஜனாதிபதியுடையது. கோட்டு, தேவாலயம், ஆங்கிலம் என்று கரையோரத்தில் வாழ்ந்த இந்தச் சிறுபான்மைதான் ஆட்சி செய்தது. உள்நாட்டில் க்பெலே, பாசா, க்ரூ, வாய் என்று பல இனங்கள். வாய் மக்கள் தங்கள் மொழிக்குத் தாங்களே எழுத்து உருவாக்கிக்கொண்டவர்கள். ஆனாலும் மன்ரோவியாவின் பார்வையில் இவர்கள் குடிசை வரி கட்டவும் கூலிக்கு ஆள் கொடுக்கவும் மட்டுமே லாயக்கு.

ஸ்பெயினின் ஃபெர்னாண்டோ போ தீவுக் கொக்கோத் தோட்டங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். சிப்பாய்கள் கிராமங்களுக்குப் போய்த் தலைவர்களை மிரட்டி இளைஞர்களைப் பிடித்து அனுப்பினார்கள். தலைக்கு இவ்வளவு என்று பேரம். 1930இல் உலக நாடுகள் சங்கத்தின் விசாரணைக் குழு, இது அடிமை வணிகத்திலிருந்து பெரிதாக வேறுபட்டதல்ல என்று சொன்னது. ஜனாதிபதி சார்லஸ் கிங்கும் துணை ஜனாதிபதி யான்சியும் பதவி விலகினார்கள். ஃபயர்ஸ்டோன் தெரிந்தே கட்டாய உழைப்பைப் பயன்படுத்தவில்லை என்று அறிக்கை நற்சான்று கொடுத்தது. அரசு வழியாக வந்த ஆட்கள் எல்லோரும் விரும்பி வந்தவர்கள் இல்லை என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது.

அடிமைகளின் பேரர்கள் ஆள் பிடித்து விற்றார்கள் என்று வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. சுலபமான கோபம். பிறகு நாற்பது பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

ரெண்டும் ஒன்றல்ல. இங்கே துப்பாக்கி வரவில்லை. கங்காணி தன் ஊருக்கே போய், மாமா, மச்சான் என்று உறவு சொல்லி, முன்பணம் கொடுத்துத்தான் கூப்பிட்டார். சட்டப்படி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம். கடன் போகவிடாது. ஃபயர்ஸ்டோன் தோட்டத்து லைபீரியாக்காரன் தப்பித்து நடந்தால் என்றாவது தன் கிராமம் வரும், நம் ஆளுக்கு நடுவில் கடல். 1938இல் இந்திய அரசு கூலிகளை அனுப்புவதைத் தடைசெய்யும்வரை இந்த ஏற்பாடு ஓடியது.

ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தொண்டர் படை திரட்டிக் கள்ளுக்கடைகளை எதிர்த்ததை எங்கள் பக்கம் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். கங்காணி பேச்சு வந்தால் மட்டும் குரல் தணிந்துவிடும். கேட்டுக்கொண்டிருப்பவரின் தாத்தா யாரென்று தெரியாது, இல்லையா?

பாட்டி இருந்தபோது ஒருமுறை கேட்டேன், அந்த நாற்பது பேரின் பெயர் ஞாபகமிருக்கிறதா என்று. யோசித்தார்.

"ரெண்டு மூணு பேரு பேரு தெரியும்யா. மத்தவங்கள நாங்க 'அப்பாவோட ஆளுங்க'ன்னுதான் சொல்லுவோம்."